மோத்தியின் நெற்றிப் பட்டை

அந்தப் பட்டை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், மூன்று விரல் அகலம். சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை ஓரம் வைத்து, நடுவில் பெரிய கண்ணாடி ஒன்றும் இருபக்கமும் சின்னக் கண்ணாடிகளும் பதித்திருந்தேன். குதிரையின் நெற்றியில், காதுகளுக்குக் கீழே குறுக்காகக் கட்டுவது. இரண்டு முனையிலும் வளையம் போலத் தைத்து, காதுக்குப் பின்னால் போகும் தோல் வாரில் கோத்துவிட வேண்டும். மாதா கோயில் சுரூபங்களுக்கு அங்கி, தேருக்குக் குஞ்சம், ராயபுரத்துப் பெண்களுக்குக் கல்யாண ரவிக்கை என்று நாற்பது வருஷம் மிஷின் மிதித்தவள் நான். என் கையால் செய்ததிலேயே அழகானது எது என்று கேட்டால் அந்தப் பட்டையைத்தான் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

அறுபதுகளின் கடைசி. எங்கள் சந்து முனையில் ஜட்கா வண்டி வைத்திருந்த பாய்க்காகத் தைத்தது அது. சாதாரண நாள்களில் அவருடைய குதிரை மோத்தி, ரயில்வே ஸ்டேஷன் வாசலிலிருந்து ஜட்கா இழுக்கும். முகூர்த்த நாள்களில் வண்டியை அவிழ்த்து, முதுகில் சேணம் பூட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அழைத்துப் போவார். வெள்ளைக் குதிரை என்பதால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எல்லாக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் மோத்திதான் வேண்டும். பாய்க்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டம்மா போன பிறகு அந்தக் குதிரையோடு பேசிப் பேசியே காலம் தள்ளினார். துறைமுகத்துக் கரித்தூள் படிகிறது என்று தினம் இரண்டு வேளை அதைக் குளிப்பாட்டுவார். அவருடைய சட்டை மட்டும் எப்போதும் கலீஜாகத்தான் இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லி நான் கிண்டல் செய்வேன்.

பழைய பட்டை நைந்துபோனதால் புதிது கேட்டார். பழையதை மேஜையில் நீட்டி வைத்து அளவெடுத்து, அதே நீளத்துக்கு வெட்டினேன். கண்ணாடிகளின் முதுகு நெற்றியில் உறுத்தக் கூடாதே என்று உள்ளே பஞ்சு வைத்து மெத்தையாகத் தைத்தேன். பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ளய வுட்டுட்டு எல்லாரும் மோத்தியத்தான் பாக்கப் போறாங்கோ தங்கச்சி" என்றார்.

அந்த வருஷம்தான் மோத்தி தலையை ஆட்டத் தொடங்கியது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து பத்தடி நடந்ததும் தலையை மேலே எறியும், பக்கவாட்டில் உதறும். ஜட்காவில் பூட்டினால் ஒன்றும் இல்லை. பாய் காரணத்தைத் தேடிப் பைத்தியம் மாதிரி அலைந்தார். மேளச் சத்தமாக இருக்குமோ என்று, பாண்டு வாத்தியக்காரர்கள் பழகும் இடத்துக்கே ஜட்காவை ஓட்டிப்போய் நிறுத்தினார். மோத்தி வாலைக்கூட அசைக்கவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சமோ என்று அதையும் ஏற்றிக் காட்டிப் பார்த்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பல், காது, கண் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். கடைசியில் சேணத்தைப் போட்டு அவரே ஏறி, கடற்கரை மணலில் ஓட்டினார். அப்போதும் அது ஆட்டவில்லை.

"நான் ஏறுனா கம்முனு கீது, மாப்ள ஏறுனா ஆட்டுது. இன்னா பேஜாருன்னே தெர்ல" என்று என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "கோச்சிக்காத தங்கச்சி. அந்தப் பட்ட எங்கனா உறுத்துதான்னு ஒரு தபா பாரேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என் தையல்லயா குறை? உள்ள கைய வெச்சிப் பாரு பாய், தொட்டிலாட்டம் மெத்துனு கீது. மாப்ள ஏறுனா முன்னால நின்னு கடிவாளத்தப் புட்ச்சி இழுக்கறது யாரு? நீதான? ஒங் கைதான் முரடு. அதுக்கு வாய் நோவுது, ஆட்டுது" என்றேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். பாய் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நான் அதோடு விடவில்லை. தாராள மனசுக்காரி ஆயிற்றே! பட்டையைப் பிரித்து இன்னும் ஓர் அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பாய் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடிவாளத்தை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டு ஊர்வலம் நடந்தார். மோத்தியோ முன்னைவிட மோசமாக ஆட்டியது.

காலடிப்பேட்டையில் ஒரு கல்யாணம். மோத்தி தலையைப் பின்னால் எறிந்த வேகத்தில் அது மாப்பிள்ளையின் முகத்தில் மோதியது. மூக்கு உடைந்து பட்டுச் சட்டையெல்லாம் ரத்தம். தாலி கட்டுவதற்கு முன்னால் ரத்தம் பார்த்துவிட்டோமே என்று பெண்கள் அழுதார்கள். ஆண்கள் பாயைத் தெருவில் தள்ளி அடித்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் மோத்தியை யாரும் கூப்பிடவில்லை. ஜட்காவை மட்டும் நம்பி ஒரு குதிரைக்குத் தீனி போட முடியாது.

"மீஞ்சூர்லேர்ந்து ஒர்த்தன் மோத்திய வாங்க வர்றான் தங்கச்சி. நாளைக்கிக் காத்தால வண்டியோட இட்டுகினு பூடுவான். இத்த நீயே வெச்சிக்கோ" என்று பட்டையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிகளையாவது எடுத்து வேறு எதற்காவது வைக்கலாமே என்று அன்று மதியம் அதைப் பிரித்தேன். உள்துணியின் இரு முனைகளிலும் கறுத்த கறை. அதில் வெள்ளை மயிர் ஒட்டிக் காய்ந்திருந்தது. துணியில் ரத்தக் கறை எப்படிக் காயும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பழைய பட்டை என் துணி மூட்டையில் இன்னும் கிடந்தது. இரண்டையும் தலையணையைச் சுற்றி வளைத்துப் பார்த்தேன். பழையது போய் நின்ற இடத்துக்கு என்னுடையது இரண்டு விரல் எட்டவில்லை. பஞ்சு வைத்த துணியை வளைத்தால் உள்ளளவு குறையும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். மிஷினில் உட்கார்ந்த முதல் வருஷமே தெரிந்துகொண்ட விஷயம். நீட்டி வைத்து அளந்த அவசரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாத பட்டை, காதுக்குப் பின்னால் இருந்த வாரை முன்னுக்கு இழுத்து, காதடியை அழுத்தியிருக்கிறது. ஜட்காவுக்கும் கடற்கரைக்கும் சாதா வார். ஊர்வலத்துக்கு மட்டும்தான் என் பட்டை. மெத்தென்று இருக்கட்டும் என்று நான் வைத்த இரண்டாவது அடுக்குப் பஞ்சு அதை இன்னும் இறுக்கி, காதடியை அறுத்தே விட்டிருக்கிறது.

உடனே எழுந்து போனேன். அதுவரை நான் நல்லவள்தான். பாய் மோத்தியைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் காதடியில் மஞ்சள் அப்பியிருந்தது. "தலய ஆட்டி ஆட்டி எங்கியோ இட்ச்சிகினு கீது பாரு" என்று காட்டினார். பட்டைதான் காரணம், தப்பு என்னுடையது, குதிரையை விற்காதே. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சந்துக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். அளவு தெரியாதவள் என்று பேர் வந்துவிடும், திருவிழாத் தையல் வேறு கைக்குப் போய்விடும், மூக்குடைந்த மாப்பிள்ளை வீட்டார் என் வாசலுக்கு வந்து நிற்பார்கள் என்று மனசு வேகமாகக் கணக்குப் போட்டது.

"மோத்தியப் பாக்க வந்தியா தங்கச்சி?" என்றார்.

"ஆமா பாய்" என்றேன்.

அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். என் கை காதருகே போனதும் அது தலையை இழுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் குளம்புச் சத்தம் சந்து முனையைத் தாண்டிப் போனபோது, நான் வெறும் மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதைச் சொன்னதில்லை. "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்வேன். என்ன பொய் என்று சாமி கேட்டதில்லை. இன்றைக்கு மகள் வீட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண் தெரியாமல் தடுமாறுகிறேன், அந்த இரண்டு விரல் இடைவெளி மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

விற்ற பிறகு பாய் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்தார். "மோத்தியப் பாத்தேன் தங்கச்சி! மீஞ்சூர்ல, கல்யாண ஊர்வலத்துல. கழுத்துல மால மட்டுந்தான். மோளம் அடிக்கிறான், வெடி வுடறான், அது பாட்டுக்கு ராஜா மாதிரி நடந்துகினு கீது" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நீ அன்னிக்கே சொன்ன. என் கைதான் முரடு."

டீ குடிக்கிறியா பாய் என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவரை ஸ்டேஷன் வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பழைய தோஸ்துகளான ஜட்காக்காரர்கள், "டீ குட்ச்சிட்டு வர்றேன், கொஞ்சம் குதிரையப் புடி பாய்" என்பார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.