அம்மாவின் மாமனார்

தாத்தா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய வலது கால் மட்டும் ஓய்வு பெறவே இல்லை. யார் வண்டியில் ஏறினாலும் முன் இருக்கையில்தான் உட்காருவார். எதிரே ஒரு சைக்கிள் வந்தால் போதும், இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். வாடகைக் கார்க்காரர்கள் கடுப்பாகிவிடுவார்கள்.

"பெரியவரே, வண்டிய நான்தான் ஓட்டறேன்."

"ஓட்டுங்க, ஓட்டுங்க. நான் சும்மா ஒரு துணைக்கு."

பின்னால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பேத்திக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

சலவைக் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் வீடு. இஸ்திரி வாசனை படியேறி வந்து சமையலறை வரைக்கும் நிற்கும். தெருவைப் பார்த்த அறை தாத்தாவுடையது. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில், அதன் அடியில் தகரப் பெட்டி, சுவரில் ஓர் இளைஞனின் போட்டோ. "யாரு தாத்தா அது?" என்றால், "என் பையன்" என்பார். தாத்தாவின் பையன் என்றால் தனக்குப் பெரியப்பா என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

அது தப்பு என்று தெரிந்தது அப்பாவின் அக்கா வந்திருந்தபோது. வெளியூரிலிருந்து வந்த அத்தைக்கு அன்று கூடத்தில் பாய் போட்டிருந்தார்கள். முதுகு வலி வேறு. சமையலறையில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

"உறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மனுஷனுக்குத் தனியா ஒரு ரூம்! என் தம்பி மாதிரி ஒரு ஏமாளிய நான் பாத்ததே இல்ல."

அம்மா சட்டென்று திரும்பினாள். வாசற்படியில் நின்ற மகளைப் பார்த்துவிட்டாள். மறுநாள் மொட்டை மாடியில் காய்ந்த போர்வையின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்து, மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

போட்டோவில் இருந்தவர் அம்மாவின் முதல் கணவர். கல்யாணமான வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். மாமியார் முன்பே காலமாகியிருந்தாள். மிஞ்சியது மாமனாரும் மருமகளும். அண்ணன் வீட்டுக்குப் போனால் சம்பளம் இல்லாத வேலைக்காரி ஆகிவிடுவோம் என்று அம்மாவுக்குத் தெரியும். அங்கேயே இருந்துவிட்டாள். "நீ சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு மாமா. நீங்க?" "ஆச்சு." இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டு பட்டினி கிடந்த காலம் அது.

தாத்தாவின் பஸ்ஸில் தினமும் காலையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா ஏறுவார். கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் தானாக எழுந்து இடம் விடுவார். கண்டக்டர் எரிந்து விழுந்தாலும் பதிலுக்கு எரிந்து விழ மாட்டார். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பல மாதம் அவரை எடை போட்டுப் பார்த்த தாத்தா, ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க. ஏன்?"

"எங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா."

"உங்க பொண்ணுங்களா?"

"மருமக."

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கீழே போட்டுவிட்டார். தாத்தா ஸ்டீயரிங்கை விடாமல், திரும்பியும் பார்க்காமல், மகன் செத்த கதை முழுவதையும் கண்ணாடியைப் பார்த்தே சொல்லி முடித்தாராம்.

விஷயம் தெரிந்து அம்மா கொதித்துப்போனாள். "நான் உங்களுக்குப் பாரமாயிட்டேனா மாமா?"

"பாரமா? நீ போனா எனக்கு யாரும்மா இருக்கா? கேட்டு வச்சேன், அவ்வளவுதான். வேணாம்னா விட்டுடு."

கொஞ்ச நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்த ஆள் எந்த ஸ்டாப்ல ஏறுவாரு?" என்று கேட்டாள்.

கல்யாணம் முடிந்ததும் தாத்தா சாமான்களைக் கட்டினார். டிப்போ பக்கத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். புது மாப்பிள்ளை வந்தார், தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "பூட்டு சாவி எங்கே, அப்பா? நேரமாச்சு, நம்ம வீட்டுக்குக் கிளம்பலாம்."

அம்மா சொல்லி முடித்ததும் மகள் நேரே தெருப்பக்க அறைக்குப் போனாள். தாத்தா செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்.

"அப்ப நீங்க எனக்கு யாரு?"

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். அம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்துவிட்டது.

"தெரியலையே கண்ணு. நீதான் பேச ஆரம்பிச்சப்போ தாத்தான்னு கூப்பிட்ட. நான் ஏன்னு கேட்டேனா?"

அவள் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அவர் ஒன்றும் மகான் இல்லை. மின்விசிறியைச் சுழல விடமாட்டார், வானொலியை அலற விடுவார். மதியத் தூக்கத்தில் "படியில நிக்காதே!" என்று அதட்டுவார், கூடத்தில் எல்லோரும் பதறி எழுவார்கள். பள்ளிக்கூட வாசலில் மற்ற தாத்தாக்கள் நிழலில் நிற்க, இவர் மட்டும் நடு ரோட்டில் கையை நீட்டி லாரிகளை நிறுத்திவிட்டு அவளைத் தாண்ட வைப்பார். அவமானத்தில் அவளுக்குக் காது சிவந்துவிடும். இன்று அந்தக் கை ஒரு தடவை தன் முன்னால் நீளாதா என்றிருக்கிறது.

அவள் கல்லூரியில் இருந்தபோது, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்ற அவளுக்கு மறுமுனைக் குரலும் கேட்டது.

"அப்பா தவறிட்டாரு சார். லீவு வேணும்."

"உங்கப்பா அப்பவே போயிட்டாரேய்யா? நான்தானே லீவு கொடுத்தேன்?"

"அவர் வேற சார்."

"எத்தனை அப்பாய்யா உனக்கு?"

"ரெண்டு சார்" என்றார் அப்பா. ரிசீவரை அவளிடம் நீட்டிவிட்டார். எந்தச் சாவுக்கும் கலங்காத மனுஷன் அன்று சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

போன மாதம் தலைசுற்றல் என்று அவள் டாக்டரிடம் போனாள். கணவனும் கூட வந்தான்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"தாத்தாவுக்கு இருந்தது டாக்டர். திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுவாரு" என்றாள், யோசிக்காமல்.

டாக்டர் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் கணவன் சிரிக்க ஆரம்பித்தான். "அவருக்கு இருந்தா உனக்கு எப்படிடி வரும்?"

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. வராந்தாவில் நின்று இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போய் மாத்திச் சொல்லிட்டு வரவா?" என்றான் அவன்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும்."