விரிசல் விழுந்த இடம்

எஃகுத் துண்டுகளை உடைத்துச் சோதிப்பது அவள் வேலை. வீட்டில் அதிர்ந்துகூடப் பேசமாட்டாள்.

ஆலையில் பற்றவைத்த குழாயில் விரிசல் விழுந்ததும் மேலாளர் எல்லார் முன்னாலும் வெல்டரைத் திட்டினார். "உனக்கெல்லாம் எவன்யா வேலை குடுத்தது?"

விரிசலை நுண்ணோக்கியில் பார்த்திருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், வெல்டிங் உடையல. அதை ஒட்டின இரும்புதான் உடைஞ்சிருக்கு. இரும்புக்குள்ள இருக்கிற பொடிப்பொடி மணிங்க பெருத்துடாம பிடிச்சு வெக்கிறது அதுல கலந்திருக்கிற நயோபியம்ங்கிற உலோகத்தோட துகள்தான். சீக்கிரம் முடிக்கணும்னு நீங்க வெல்டிங் சூட்டை ஏத்தச் சொன்னீங்க. துகளெல்லாம் கரைஞ்சு மணிங்க பெருத்துப்போச்சு. மணி பெருத்தா இரும்பு பலமில்லாம போயிடும். அப்புறம் உடையாம என்ன செய்யும்?"

"உன் வேலையைப் பாரும்மா."

"இதுதான் சார் என் வேலை!"

மறுநாள் சத்தமில்லாமல் சூட்டைக் குறைத்தார்கள். புதிய குழாய்களில் விரிசல் விழவில்லை. வெல்டரிடம் வருத்தம் தெரிவிக்க மட்டும் மேலாளருக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.