வாளித் தாளத்தில் ஒரு கலிப்சோ

வசந்தகுமாரி பாடகியாகத் தொடங்கவில்லை. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஹோட்டலில் மேற்கிந்தியத் தீவுப் பாணியில் பாடும், மூன்று பேர் கொண்ட கலிப்சோ குழு ஒன்று உண்டு. இரண்டு கிதார், ஒரு பொங்கோ மேளம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாகப் போய்ப் பாடுவார்கள். ஒருநாள் பாடகருக்குக் காய்ச்சல். கிதார் வாசித்த கிறிஸ்டி சமையலறை வாசலில் நின்று, "உள்ள பாடிக்கொண்டிருந்தது ஆர்?" என்று கேட்டார். அன்றைக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே போனவள், அடுத்த பதினொரு ஆண்டுகள் அந்தக் குழுவில் பாடினாள். கிறிஸ்டியைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

அவளுடைய திறமை குரலில் மட்டும் இல்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நடக்கும் நேரத்துக்குள், அங்கே இருப்பவர்களைப் பற்றி நாலு வரி கட்டிவிடுவாள். நண்டை உடைக்கத் தெரியாமல் திண்டாடுகிறவர், மனைவியோடு பேசாமல் போனைப் பார்க்கிறவர் என்று யாரும் தப்ப முடியாது. மொழி புரியாதவர்களும் தங்களைத்தான் பாடுகிறாள் என்று கண்டுபிடித்துச் சிரிப்பார்கள்.

2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. குழு கலைந்தது. கிறிஸ்டி ஓட்டோ ஓட்டப் போனார். வசந்தகுமாரி ஏஜென்சி மூலம் மஸ்கட்டுக்கு வந்து, ரூவிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலையில் சேர்ந்தாள். பாட்டைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கூட வேலை செய்த காத்தான்குடிக்காரி ருமைஸாதான் கண்டுபிடித்தாள். வகுப்பறை துடைத்துக்கொண்டே வசந்தகுமாரி மேற்பார்வையாளரின் நடையைப் பற்றி ஏதோ முணுமுணுக்க, ருமைஸா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பள்ளியில் வேலை முடிந்தவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக வெளியே சுவரோரம் காத்திருக்க வேண்டும். நிழல் கிடையாது. 2022 ஜூனில் ஒரு மத்தியானம் அவர்களில் ஒரு நேபாளப் பெண் மயங்கி விழுந்தாள். மறுநாள் துடைப்பங்கள் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வசந்தகுமாரி பாடினாள். ருமைஸா வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினாள். ஜன்னல் திட்டில் இருந்த ருமைஸாவின் போன் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

"மரமொண்டு கேட்டம், மரமும் இல்ல
மழைவந்து நனைக்க மழையும் இல்ல
அரைமணி நிண்டா ஆள் பொரியும்
ஆபீஸ் ஏசிக்கு எப்பிடித் தெரியும்?"

ருமைஸா அதைத் தன் மைத்துனிக்கு அனுப்பினாள். பத்து நாளில் அது சலாலா, தோஹா, ரியாத்தின் பத்தா கடைத்தெரு வரைக்கும் போய்விட்டது. பாடியது யார் என்று எங்கும் இல்லை. ஆனாலும் பள்ளி நிர்வாக அதிகாரி பத்மநாபன் காதுக்கும் வந்தது. அவர் திருச்சிக்காரர். வசந்தகுமாரியை அறைக்குக் கூப்பிட்டார்.

"இது நீங்கதானேம்மா?"

"ஓம் சேர், நான்தான்."

"எதுக்கும்மா இதெல்லாம்? ஸ்கூல் பேரு கெடாதா?"

"பள்ளிக்கூடத்தின்ர பேர் சொல்லேல்ல சேர். வெயிலைத்தான் சொன்னனான்."

"சரி, டெலீட் பண்ணிடுங்க."

"என்ர போன்ல அழிக்கலாம். மற்ற ஆக்களின்ர போன்ல நான் எப்பிடி அழிக்கிறது?"

பத்மநாபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். போகச் சொன்னார். இரண்டு வாரத்தில் சுவரோரம் தகரக் கூரை போட்டார்கள். அடுத்த ஆண்டு வசந்தகுமாரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆள் குறைப்பு என்று கடிதத்தில் இருந்தது. பாட்டுதான் காரணமா என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தைக் கொடுத்த பத்மநாபனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ருமைஸாவுக்கு வேலை தொடர்ந்தது. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது ருமைஸா அழுதாள். வசந்தகுமாரி அழவில்லை, அந்தக் கூரைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

நாலு மாதம் ஊரில் இருந்துவிட்டு, துபாய் அல் குசைஸில் ஒரு மெஸ்ஸுக்குச் சமையல் வேலைக்கு வந்தாள். அங்கே தினமும் மத்தியானச் சாப்பாடு வாங்க வருகிறவர் பாலமுரளி. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, வீட்டில் ஓர் அறையில் ஒலிப்பதிவுக் கருவிகள். தகரக் கூரை போட வைத்த அந்தப் பாட்டு ஒரு வருடமாக அவருடைய போனில் இருந்தது. ஒருநாள் சாம்பார் தீர்ந்துபோனதைச் சமையலறைக்குள்ளிருந்து யாரோ ராகம் போட்டு அறிவிக்க, அவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஆபீஸ் ஏசி பாட்டு... அது நீங்களா?"

"ஏன் தம்பி, உங்கட ஆபீஸிலயும் பிரச்சினையோ?"

விடுமுறை நாளில் அவளை வீட்டுக்கு அழைத்தார். சுவரெல்லாம் கம்பளி தொங்கிய அறையில் மைக் முன்னால் நிறுத்தினார். ஆறு தடவை பாடினாள். வரி எல்லாம் சரி, சுருதியும் சரி. கேட்டால் உயிரே இல்லை. பாலமுரளி கணினியில் எதையெதையோ திருத்திப் பார்த்தார், மோசமானது. வசந்தகுமாரி ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஆக்கள் முன்னால இருக்கோணும் தம்பி. இந்தக் கம்பியப் பாத்து நான் ஆரைப் பாடுறது?"

பாலமுரளியின் மனைவி ஷியாமளா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரைத் துணிக்கூடையோடு உள்ளே உட்கார வைத்தார்கள். வசந்தகுமாரி அவரைப் பார்த்தாள். கணவனின் சட்டையை மட்டும் மூன்று தடவை பிரித்துப் பிரித்து மடிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பாட்டு பிறந்தது. ஷியாமளா முதலில் வெட்கப்பட்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. பாலமுரளி அதை வெட்டி நீக்கவில்லை.

அப்படி ஏழு பாட்டுகள் பதிவாயின. கிதாரைப் பாலமுரளியே வாசித்துச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முன்னால் உட்கார்ந்தார். வெயில் பாட்டை மட்டும் புதிதாக எடுக்கவில்லை. துடைப்ப அறையில் எடுத்ததையே இணையத்தில் ஏற்றினார்கள். கீழே 'பாட்டு: நிலாவெளி வசந்தகுமாரி, வாளி: ருமைஸா' என்று போடச் சொன்னது அவள்தான். ருமைஸா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் தாய்க்கு அனுப்பினாளாம். கிறிஸ்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்றாவது பாட்டில் கிதார் பிழை என்று மட்டும் சொன்னார்.

போன டிசம்பரில் ஒரு பெரிய கம்பெனி தன் ஆண்டு விழாவுக்கு அவளைக் கேட்டது. பாட்டு வரிகளை ஒரு வாரம் முன்னதாக அனுப்பச் சொன்னார்கள். பாலமுரளி போனை அவளிடம் கொடுத்தார்.

"உங்களை நான் இன்னும் பாக்கேல்லையே, எப்பிடி எழுதுறது?" என்றாள் வசந்தகுமாரி.

அவர்கள் வேறு குழுவை அமர்த்திக்கொண்டார்கள். விழா நடந்த அன்று அவளுக்குக் காலை டியூட்டி. நாற்பது பேருக்கு இடியப்பம் பிழிந்தாள்.