பந்திப் பாட்டு

போன மாதம் நாகல் நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் இருந்த பையன், "வேணும்ங்கிற பாட்ட இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்றான். என் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. பேனா இல்லை, சர்க்கரை மாத்திரைதான் இருந்தது. பிடித்த பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பிய காலத்து ஆள் நான். அந்தச் சீட்டுகளை மேடையில் உட்கார்ந்து வாங்கியவனும்கூட.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பகலில் ஜவுளிக் கடையில் துணி கிழிப்பேன், சாயங்காலம் பாங்கோஸ் தட்டுவேன். இரண்டிலும் பெரிதாகப் பேர் வாங்கவில்லை. ஒத்திகை, ஒரு புகையிலைக் கிடங்கின் மாடியில். அந்த நெடிக்கு வேறு யாரும் அங்கே குடிவர மாட்டார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது யாருக்காவது தும்மல் வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது புகையிலை வாசம் அடித்தால் எனக்குக் காதரின் ஆர்மோனியம் கேட்கிறது.

காதர் பேகம்பூர்க்காரன். ஆர்மோனியமும் அவன்தான், பாடுவதும் அவன்தான். அவனுக்கு மெட்டுதான் முதலில் வரும். பத்து நாள் தன்னன்னா, தன்னன்னா என்று முனகிக்கொண்டே திரிவான். டீக்கடையில் கூப்பிட்டால் திரும்பமாட்டான். கடைசியில் நாலு வார்த்தை கிடைக்கும். அதற்குமேல் வேண்டாம் என்பான்.

முருகேசன் அப்படியே நேர் எதிர். சின்னாளபட்டியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. மெட்டைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. டவுன் பஸ்ஸில் நோட்டோடு வந்து இறங்குவான். ஒரு பாட்டுக்குக் குறைந்தது எட்டு வரி, ஒவ்வொன்றும் முந்தானை நீளம்.

"இதுல மூச்சு விட எங்கப்பா எடம் வச்சிருக்க?" என்பான் காதர்.

"நீ எழுதுனா நாலு வார்த்த, மிச்சமெல்லாம் தன்னன்னா. அதுக்கு எதுக்குடா நான்?"

காதர் பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பிப்பான். முருகேசன் நோட்டைப் பிடுங்குவான். நான் நடுவில் புகுந்து டீ வாங்கி வருவேன். அந்தக் குழுவில் என் உண்மையான வேலை அதுதான்.

கொடைரோடு பாட்டு அப்படி வந்ததுதான். ரயிலில் வருகிறேன் என்று சொன்னவருக்காகக் கொடைரோடு ஸ்டேஷனில் ஒரு பெண் காத்திருக்கிறாள். முருகேசன் எழுதியதில் மல்லிகைப்பூ, தகரப் பெட்டி, மழை, குடை எல்லாம் இருந்தன. காதர் ஏழு வரியை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான்: 'கொடைரோட்டுல எறங்குனவுக எங்க போனாக?' அதையே மூன்று விதமாக இழுத்தான். நடுநடுவே ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, ரயில் தூரத்தில் போவதுபோல் என்னை மட்டும் தட்டச் சொன்னான். முருகேசன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து கேட்டான். கேட்டு முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. புகையிலை நெடி என்று சொல்லிக்கொண்டோம்.

ஆனால் கல்யாண வீட்டில் சொந்தப் பாட்டை யார் கேட்பார்கள்? எல்லாருக்கும் சினிமாப் பாட்டு வேண்டும். அதனால் கூட்டம் பந்திக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்து ஒரே ஒரு சொந்தப் பாட்டை நுழைத்துவிடுவோம். நாங்களே அதற்குப் பந்திப் பாட்டு என்று பேர் வைத்திருந்தோம். நாற்காலி இழுக்கிற சத்தத்தில் அது பாதி கரைந்துபோகும். முருகேசன் மைக்செட் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொரு சீட்டையும் பார்ப்பான். ஒன்றிலும் அவன் பாட்டு இருக்காது.

ஒரு சாயங்காலம், வேனில் வரும்போதே இருவருக்கும் சண்டை. காதர் புதுப்பாட்டு ஒன்றில் பத்து வரியை வெட்டியிருந்தான். "இன்னியோட எழுதுறத விட்டுர்றேன்டா. ஒருத்தனுக்கும் வேணாங்கும்போது எனக்கு மட்டும் என்ன?" என்று முருகேசன் என்னிடம் சொன்னான். எனக்குத் தாங்கவில்லை. அன்று பந்திப் பாட்டாகக் கொடைரோடு பாட்டைப் பாடி முடித்ததும் கல்யாண வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், என் சிகரெட் பாக்கெட் அட்டையைக் கிழித்து, இடது கையால் எழுதினேன்: 'கொடைரோடு பாட்டை இன்னொரு முறை பாடவும். வரிகள் ஒவ்வொன்றும் முத்து. இப்படிக்கு, ஒரு ரசிகை.'

மற்றச் சீட்டுகளோடு சேர்த்துக் காதரிடம் கொடுத்தேன். அவன் படித்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மைக்கில் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துவிட்டு, பாட்டை மறுபடி பாடினான். முருகேசன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் கூடுதலாக நாலு தட்டுத் தட்டினேன்.

பாட்டு முத்து என்று எழுதியிருக்கலாம். அதில் பாடியதே ஒரு வரிதான், அதைப் போய் வரிகள் என்று எழுதித் தொலைத்தேன்.

அடுத்த ஒத்திகையில் முருகேசன், "இனிமே ஒரு வரிகூட வெட்டக் கூடாது" என்றான். காதர் மறுக்கவில்லை. "சரிப்பா" என்று பென்சிலைக் கீழே வைத்தான். அதை மறுபடி எடுக்கவே இல்லை. முருகேசன் எழுதிய பன்னிரண்டு வரியையும் அப்படியே பாடினான், மூச்சு வாங்க, இருமலோடு. தன் மெட்டுகளுக்கு அவனிடம் வார்த்தை கேட்பதை நிறுத்திவிட்டான். அவை வெறும் முனகலாகவே நின்றன. பந்திக்கு முன்னாலேயே ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது. அந்த இரண்டு பேரும் சண்டை போட்டதுதான் எங்கள் பாட்டு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகும் சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பயம், வேறென்ன?

ஒரு வருடத்துக்குள் குழு கலைந்தது. முருகேசன் மூன்று நோட்டோடு மெட்ராஸ் போனான். நாலு வருடம் கழித்து நோட்டு இல்லாமல் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தான். காதர் ஆர்மோனியத்தை விற்றுவிட்டு அண்ணனுடைய தோல் மண்டிக்குப் போனான். இரண்டு வருடத்துக்கு முன் மௌத்தாகிவிட்டான்.

போன மாத வரவேற்பு முருகேசன் பேத்தியுடையது. பந்தியில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டான். "ஏலே, அன்னிக்குச் சீட்டு எழுதுன புள்ளயும் இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன்.

"காதர் அத நம்பவே இல்லடா. நம்ம ஆளு ஒருத்தன் எழுதுனது, அட்டையப் பாத்தாலே தெரியுதுன்னான். எவன்டான்னு எத்தன தடவ கேட்டேன்! பேரச் சொல்ல மாட்டேன்னுட்டான். மெட்ராஸ் போறப்போ பொறாமக்காரன்னு வஞ்சுப்புட்டேன். அதோட பேச்சே இல்ல. அவன் மௌத்துக்கும் நான் போகல."

நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு ரசிகையைத் தவிர அவனிடம் வேறு ஒன்றும் மிச்சம் இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிப் பொய்தான்.

"அந்தப் பாட்ட ஒருதரம் பாடுவமா?" என்றான். எட்டு வரியும் அவனுக்கு மனப்பாடம். மல்லிகைப்பூ, தகரப் பெட்டி, குடை என்று கடகடவென்று சொல்லிவிட்டு நிறுத்தினான். "மெட்டு எப்படிடா போகும்?"

எனக்கும் வரவில்லை. நாங்கள் எதையும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. இலைக்குப் பக்கத்தில் மேஜைமேல் அந்த ரயில் தாளத்தைத் தட்டினேன். முருகேசன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான், பாட்டு ஆரம்பிக்கும் என்று. பரிமாறுகிற பையன், நான் ரசம் கேட்கிறேன் என்று நினைத்து ஓடி வந்தான்.