வாயில் வைத்துப் பார்த்த தண்ணீர்

வீரம்மா குளத்துத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்துக்கொள்கிறாள். விழுங்குவதில்லை. கண்ணை மூடி, நாக்கின் மேலும் கீழும் புரட்டி, பிறகு குளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பித் துப்புகிறாள். அதன் பின்பே மடியில் கட்டி வந்த தவிட்டைத் தூவுகிறாள். காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஒரு தடவை. துருவை நாக்கில் வைத்தது போன்ற கசப்பு ஒன்று இருக்கிறதா என்று தேடுகிறாள்.

குளம் என்று சொல்வது மரியாதைக்கு. கைவிட்ட தேயிலை நாற்றங்காலுக்குத் தண்ணீர் தேக்கிய பழைய குழி அது. இடுப்பளவு ஆழம். நாலு வருஷத்துக்கு முன் வட்டகொடை ஸ்டேஷனில் வந்து இறங்கிய சர்க்கார் உத்தியோகத்தர் ஒருவர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்தார். ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். தகரத்தை வாங்கித் தலையில் வைத்தவள் வீரம்மாதான். நாற்பது வயது, நெட்டையான உடம்பு, கூடைக் கயிறு அழுத்தி உச்சந்தலையில் மயிர் தேய்ந்த ஒரு கோடு. பெற்ற மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள்.

மருந்தடிக்கும் கூட்டத்து அழகுமுத்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று சீண்டுவான். “என்னாக்கா, மீனுங்களுக்கெல்லாம் பேர் பதிஞ்சாச்சா? நாளைக்குப் பெரட்டுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“அதுங்க ஏன்டா பெரட்டுக்கு வருது? சர்க்காரு குடுத்த மீனு. அதுங்களுக்குப் பிரஜாவுரிமை இருக்கு. ஒனக்கும் எனக்குந்தான் இல்ல.”

காளியாயியும் இன்னும் இரண்டு பெண்களும் அவளோடு கூட்டு. மீன் தீனிக்கு, தண்ணீர் வடியும் கான் ஓரத்தில் மண்புழு தோண்டுவது ஒருத்தி, கரையான் புற்று உடைப்பது ஒருத்தி. சட்டம் வீரம்மாவுடையது. “மொத மீனு புள்ளத்தாச்சிக்கு, அப்பறம் பால் குடுக்கறவளுக்கு. மிச்சந்தான் விக்கிறது.” மிச்சத்தை ஸ்டேஷன் கடைத்தெருவில் விற்று, காளியாயி இரண்டு பெட்டைக் கோழி வாங்கினாள். புருஷனைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள் அதுதான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

சென்ற ஆனியில் புள்ளத்தாச்சி மீனம்மா. வீரம்மாவுக்குப் பக்கத்து அறை, அடுத்த காம்பராக்காரி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் மூலையில் ஒரே ஓர் எழுத்தை அழிக்காமல் விட்டுவிட்டு வந்து உட்காருவாள். முந்திய இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாளாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு மீன் அவள் சட்டிக்குப் போயிற்று. பேறு காலத்துக்கென்று பெரிய மீன்களைப் பிடிக்காமல் விட்டு வைத்திருந்தாள் வீரம்மா.

அது தேயிலைக்குக் கொப்புள நோய் வரும் மழைக்காலம். மேல்மலையில் நீல மருந்து அடிப்பார்கள். அது மீனுக்கு எமன் என்று வீரம்மாவுக்குத் தெரியும். அடிக்கிற நாளெல்லாம் மண்கட்டி வைத்துக் குளத்து வாய்க்காலை அடைத்து, இரண்டு நாள் கழித்தே திறப்பாள். அவ்வளவு கவனம்.

ஒரு ராத்திரி மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. வாய்க்காலில் சேறாக வந்தது. சேறு செவுளை அடைத்தால் மீன் சாகும். தண்ணீர் வடிந்து இறங்கட்டும் என்று குளத்து வாயில் ஒரு படங்கை இழுத்துக் கட்டினாள். கொழுந்து எடுக்கையில் செடி கிழிக்காமலிருக்கப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குதான் படங்கு. அவளுடைய பழையது நைந்திருந்தது. குளத்து வாயில் கட்டியது அந்த வாரம் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்த புதுச் சாக்கு, இன்னும் இடுப்பில் கட்டாதது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் இரண்டு தடவை அலசித்தான் வைத்திருந்தாள். விடிய விடியத் தண்ணீர் அதன் வழியாகவே குளத்தில் இறங்கியது.

விடிந்தபோது மீன்களெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கிடந்தன. சாக்கை அவிழ்த்து அடித்தையலைப் பிரித்தாள். மடிப்புக்குள் களிம்பாக நீலம். மருந்து வந்திறங்கிய சாக்கு.

“கெட்டியா இருக்குன்னு நாந்தாங்கய்யா அதைக் கேட்டு வாங்குனேன்,” என்றாள் என்னிடம். “மெல்லிசா ஒன்னு குடுக்க வந்தாரு ஸ்டோர்காரரு. வேணாம்னுட்டேன்.”

அதற்குள் லயமே சட்டியோடு வந்துவிட்டது. “சுட்டா வெசம் போயிருங்கக்கா,” என்று காளியாயி கெஞ்சினாள். வீரம்மா குளத்தில் இறங்கி நின்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தவள் மீனம்மா. “ஒன்னே ஒன்னு குடுங்கக்கா. தலைய வெட்டிப்புட்டுத் திங்கறேன்.” வீரம்மா அவள் சட்டியைப் பிடுங்கி எறிந்தாள். அது உடைந்தது. மீன்களை அன்றைக்கே ஆழமாகத் தோண்டிப் புதைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் மீனம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐந்தாறு மீன் தின்று ஊறுகிற ரத்தமா அது, ஒன்றும் மாறியிருக்காது என்று டிஸ்பென்சர் ஐயா வீரம்மாவுக்கு இரண்டு தடவை விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டு, “சட்டியையும் ஒடச்சுட்டேனுங்களே,” என்றாள்.

குளத்தை இறைத்து, வண்டலை வழித்து, நாலு மாதம் வெயிலும் பனியும் படவிட்டு, மறுபடி குஞ்சு விட்டார்கள். இப்போது அவள் படங்கோடு குளத்தருகே போவதில்லை. கூப்பிடு தூரத்திலுள்ள சவுக்கு மரத்தில் கழற்றி மாட்டிவிட்டு, பீலியில் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறாள். பனிக்காலத்திலும் அப்படித்தான்.

சென்ற சனிக்கிழமை புதுக் குளத்தின் முதல் மீனைப் பிடித்தாள். புள்ளத்தாச்சி யாரும் இப்போது லயத்தில் இல்லை. மிளகாய் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்து, ஒரு தட்டில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக்குக் கொண்டுபோனாள். மீனம்மாவின் மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. மடியில் வைத்ததுமே வாயைத் திறந்தது.

வீரம்மா முதல் துண்டைத் தன் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

“புள்ள வாயைத் தொறந்துகிட்டே இருக்குக்கா. குடுங்க,” என்றாள் காளியாயி.

“இரு.”

குழந்தை அவள் தாடையைப் பிடித்து இழுத்தது. அழத் தொடங்கியது. வீரம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய இடது கை, விரல்களை அகல விரித்துத் தட்டை மூடியிருந்தது.