முதல் அலை அக்காவுக்கு

கேரளத்துக் கோவளத்தில் என் அக்காவுக்குக் கிடைத்த மரியாதை அந்தக் கடற்கரையில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. அந்த மரியாதை தாங்காமல்தான் அவள் குளிக்கும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் இருபது வயது என்பாள் அம்மா.

அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கடற்கரை ஓட்டல் ஒன்றில் மாஸ்டராக இருந்தார். தோசைக்குள் வாழைப்பழத்தையும் தேனையும் வைத்துச் சுருட்டி வெள்ளைக்காரர்களுக்குக் கொடுப்பார். 'இதையும் தோசைன்னு திங்கானுவளே' என்று வீட்டுக்கு வந்து அங்கலாய்ப்பார். ஓட்டல்களுக்குப் பின்னாலிருந்த மேட்டில், தென்னைகளுக்கு நடுவே எங்கள் வாடகை வீடு. மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரம்மா குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தாள். அவள்தான் அக்காவுக்கு அலையில் பலகையேறி நிற்கச் சொல்லிக் கொடுத்தவள். ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பலகையை விமானத்தில் கொண்டு போக வழியில்லாமல் அக்காவிடமே விட்டுவிட்டுப் போனாள். அக்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வத்தல் காயப்போட நல்லாருக்கும்" என்றாள்.

சுனாமி வந்து போய் ஒரு வருஷம்கூட சரியாக ஆகாத நேரம். கடல் என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் அக்கா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். வேறொன்றும் கேட்காத பிள்ளை. அப்பா என்னைக் காவலுக்குத் துணையாக அனுப்பி, அவளைக் கடலுக்கு விட்டார். ஒன்பது வயதுக்காரி கடலிலிருந்து யாரைக் காப்பாற்றுவாள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கரையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எனக்கு அங்குள்ள சட்டமெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு அலைக்கு ஒரு ஆள். அலை எந்த இடத்தில் உடைய ஆரம்பிக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, அலை அவர்களுக்கு. மற்றவர்கள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏறி முடித்தவன் சுற்றி வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். மறந்துபோய் இன்னொருவன் அலையில் ஏறினால் இரண்டு பலகையும் மோதி மண்டை உடையும்.

இந்தச் சட்டத்தைக் காத்தவர்கள் அந்தத் துறையின் மீனவர் வீட்டுப் பையன்கள். பயணிகள் விட்டுப்போன பழைய பலகைகளில் தாங்களாகவே பழகியவர்கள். பகலில் பயணிகளுக்குப் பலகையை வாடகைக்கு விடுவார்கள், கையைப் பிடித்துச் சொல்லியும் கொடுப்பார்கள். அவர்களில் பெரியவனுக்கு மிஞ்சிப் போனால் இருபது வயது. எல்லாரும் அவனை மூப்பன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் தண்ணீருக்குள் ஒரு விரலைக் காட்டினால் கரையில் நாய்கூடக் குரைக்காது.

அவர்களில் ஒருவன் வரிசை தப்பினால் போதும். மூப்பன் வாயிலிருந்து வரும் மலையாளத்தைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. தப்பியவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கரையேறி, பலகையைக் குப்புறப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். மூப்பன் கூப்பிடும்வரை தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது. வாடகைப் பலகையில் ஏறும் பயணிகள் அதே தப்பைச் செய்தால் கதையே வேறு. மூப்பன் சிரிப்பான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அடுத்த அலைக்குப் பலகையைத் தள்ளியும் விடுவான். துட்டு கொடுக்கிறவன் தப்பு தப்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா துட்டு கொடுத்தவள் அல்ல. அவளையும் அவர்கள் அப்படித்தான் தாங்கினார்கள். அவள் நீந்திப் போய்ச் சேர்ந்ததும் வரிசையே விலகும். "சேச்சி எடுத்தோ, எடுத்தோ" என்று நாலா பக்கமும் குரல் வரும். மூத்தவன்கூட அவளை அக்கா என்று கூப்பிட்டுத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வான். உடையும் இடத்தில் இருப்பவன்கூடக் கையை இழுத்துக்கொள்வான். அக்கா ஏறி இரண்டு எட்டு தூரம் வந்து தொப்பென்று விழுந்தாலும் கைதட்டுவார்கள். தேர்த்திருவிழாவில்கூட அப்படி ஒரு வழி யாருக்கும் விடமாட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற அன்னாசிப்பழம் விற்கும் அக்காளிடம், "அது எங்க அக்காவாக்கும்" என்று ஒவ்வொரு அலைக்கும் சொன்னேன். அவள் பாவம், ஒவ்வொரு அலைக்கும் தலையாட்டினாள்.

முதல் வாரம் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அப்புறம் முகம் சுருங்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழாய்ச் சத்தத்துக்குள் அழுகைச் சத்தம் கேட்டு அம்மா கதவைத் தட்டினாள்.

"எவனாவது ஏதாவது சொன்னானாட்டி?"

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. அதாம்மா" என்றாள் அக்கா.

"அப்ப என்ன கேடு உனக்கு?"

"எப்பவும் என்னயே முதல்ல போகச் சொல்லுதானுவ."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் தெருக்குழாயில் யாராவது 'நீங்க முதல்ல பிடிங்க' என்று சொல்லிவிட்டால் அம்மா அன்றைக்கு முழுக்க அந்தப் பெண்ணின் குலம் கோத்திரமெல்லாம் வாழ்த்துவாள். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாவ? முந்த விட்டா போயிட்டு வாயேன், கோட்டிக்காரி" என்றாள். வெளியே வந்த அக்கா தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவள் அழுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நான் முடிவு கட்டினேன். அலை போதவில்லை. வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள். மறுநாள் அவள் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, நான் நேராக மூப்பனிடம் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் அக்கா தினமும் வீட்டில் அழுகிறாள், நீங்கள் அவளுக்கு ஒழுங்காக விட்டுக்கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் வெளுத்து வாங்கினேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். பாவம், பயந்தே போனான். அன்றைக்கு அக்காவுக்கு ஒன்றல்ல, மூன்று அலை சேர்ந்தாற்போல் விட்டார்கள்.

அக்கா அன்று சாயங்காலம் பலகையை முற்றத்தில் போட்டுவிட்டு, "வத்தல் காயப்போட்டுக்கோ" என்றாள் அம்மாவிடம். அம்மாவும் தாமதிக்கவில்லை. மறுநாள் காலையில் அதன்மேல் கூழ்வத்தல் காய்ந்தது.

ரெண்டு நாள்தான். மூன்றாம் நாள் வத்தலைத் தட்டிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு அக்கா மறுபடி இறங்கினாள். இந்தமுறை வேறொரு கூத்து. அவள் வரிசையின் கடைசியில் போய் இருந்துகொண்டாள். பையன்கள் "சேச்சி எடுத்தோ" என்றார்கள். "வேண்டா, எனக்க முறை வரட்டும்" என்றாள். அவள் போகாமல் அவர்கள் போகமாட்டார்கள், அவர்கள் போகாமல் இவள் போகமாட்டாள். கல்யாண வீட்டு வாசலில் 'நீங்க போங்க, நீங்க போங்க' என்று நிற்பார்களே, அதேதான். அருமையான அலை ஒன்று ஆளே இல்லாமல் கரைக்கு வந்து என் காலை நனைத்துவிட்டுப் போனது.

இதற்கு நடுவில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் போவது எட்டு மணிக்கு மேல், பயணிகள் எழுந்து வரும் நேரம். காற்று எழும்பாத விடியற்காலையில்தான் அலை கண்ணாடி போல் நன்றாக இருக்கும். அந்த நேரம் பையன்களுடையது. அறிவிப்பு எழுதி மாட்டவில்லை, யாரும் யாரையும் தடுக்கவுமில்லை. ஆனாலும் அந்நேரத்தில் வேற்றாள் ஒருவரும் இறங்குவதில்லை. அக்கா விடியற்காலையில் எழுந்து மேட்டிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள், இறங்கமாட்டாள். "போயேன்" என்றால், "கூப்பிடாம எப்படிட்டி போறது?" என்பாள். கடலுக்குப் போக யார் கூப்பிட வேண்டும் என்று எனக்கு விளங்கியதில்லை.

அந்த ஆளில்லாத அலைக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா மிதந்தார்கள். அடுத்து பெரிதாக ஒன்று எழும்பியது. உடையும் இடத்தில் இருந்தது மூப்பன். அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான், அவள் தலையை ஆட்டி மறுத்தாள். சரி என்று அவன் ஏறினான். அவன் எழுந்து நின்று பாதித் தூரம் வந்திருப்பான். அக்கா திடீரென்று நாலு முறை கையால் தண்ணீரை வலித்து, அவனுக்கு நேர் முன்னால் அதே அலையில் ஏறினாள். கைதவறி ஏறியது போலத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

மோதிய சத்தம் கரைக்குக் கேட்டது. நுரைக்குள் இரண்டு பலகையும் மல்லாந்தன. மூப்பன்தான் முதலில் தலையைத் தூக்கினான். அக்காவின் தலை தெரிந்ததும் ஒரு மூச்சு விட்டான். அப்புறம் தொடங்கியது பாருங்கள்!

"நினக்கு கண்ணு கண்டூடேடீ? ஆருடெ அலையாடீ இது? போ! போய் கரயில் இரி!"

சேச்சி என்ற சொல்லைக் கடல் கொண்டுபோய்விட்டது. அன்னாசிக்காரி என் பக்கம் திரும்பினாள். அது எங்கள் அக்கா இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா முழங்காலில் ரத்தம் வழியக் கரையேறினாள். பலகையைக் குப்புறப் போட்டாள். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நான் ஓட்டலுக்கு ஓடினேன். அப்பா ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அவர் தோசைத் திருப்பியும் கையுமாக மணலில் ஓடிவந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"எவம்ல எம் பிள்ளைய ஏசினது?"

மூப்பன் தண்ணீரில் இடுப்பளவில் நின்றபடி, "மாஸ்டரே..." என்று இழுத்தான். அதற்குள் அக்கா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போங்கப்பா. அது எனக்க அலை இல்ல. அவனுக்க அலை. நான்தான் உள்ள போய் விழுந்தேன்."

"கடல்ல என்ன மோளே எனக்க, உனக்க? பட்டா போட்டா வச்சிருக்கான்?"

"ஆமாப்பா" என்றாள் அக்கா.

அப்பா கடலைப் பார்த்தார், மூப்பனைப் பார்த்தார், கையிலிருந்த திருப்பியைப் பார்த்தார். கல்லில் தோசை கரிந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்த வழியே போனார். இப்படி ஒரு சண்டைக்கா என்னைக் கூப்பிட்டாய் என்பதுபோல என்னை ஒரு முறை முறைத்தார்.

நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுவாள், தேற்றலாம் என்று தயாராக இருந்தேன். அவளோ முழங்கால் காயத்தில் ஒட்டிய மணலை ஊதிக்கொண்டு, உள்ளுக்குள் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மோதியதில் மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு நான்தான் அழுதேன்.

வெயில் ஏறியதும் மூப்பன் கரைக்கு வந்தான். அவன் பலகையில் விளிம்பு பெயர்ந்திருந்தது. எங்களைத் தாண்டிப் போனவன் நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், மணலைப் பார்த்து, அதே கடுகடுத்த குரலில் சொன்னான்:

"எடீ, நாளெ ஆறு மணிக்கு வரணம். லேட்டாயா வெள்ளத்தில் எறக்கூலா."

லேட்டானால் தண்ணீரில் இறங்க விடமாட்டானாம்! அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். முதுகு குலுங்கியது. இவ்வளவு நேரமும் சிரித்தவள் இப்போது தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் ஏசியது போதாதென்று, லீவு நாளில் விடியற்காலையில் வேறு எழுப்பப் பார்க்கிறானே, பாவி!

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "நீ அழாதக்கா. நீ போகாண்டாம். நான் இப்பவே அம்மாட்ட சொல்லி நிறுத்திருகேன்" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவள் பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். கை முழுக்க மணல். பல்லுக்குள் போய் நறநறத்தது. உதவி செய்யப் போனவளுக்கு இதுதான் கூலியா என்று அவள் கையைத் தட்டிவிட்டு, அவளோடு காய் விட்டுவிட்டு, நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.