கை மாறாத தப்பட்டை

அன்று எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றவர்களை என்னால் இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். சாமிப் பல்லக்கைத் தூக்கிய நான்கு பேர். தப்பட்டையோடு எங்கள் ஊர்ப் பையன்கள் பத்துப் பேர். அவர்களுக்கு முன்னால் என் அண்ணன். ஓரத்தில், சட்டையை உள்ளே விட்டு, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு நான். வராதவர்கள் பக்கத்து ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும், அவர்களுக்குத் தலைவனான எங்கள் அத்தை மகனும். ஊர்ப் பெயர்களை எழுதப்போவதில்லை. ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்கள் என்பது போதும். இன்றும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துத்தான் வாழ்கிறோம்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்துக்கு ஏழே நாள்தான் போனான். ஏழாம் நாள், வாத்தியார் ஓங்கிய பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான். அதற்காக அப்பா அவனைக் காப்பிச் செடிக் கம்பால் அடித்தார். கம்பு முறிந்த பிறகும் அடித்தார். வாங்கியதையெல்லாம் அவன் யாருக்காவது திருப்பிக் கொடுத்துவிடுவான். குளிக்கப் போன இடத்தில் ஒருவனுக்கு மூக்கு உடையும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரோடு கைகலப்பு. சாயங்காலமானால் அம்மா வாசலில் நின்று அவன் சட்டையைத்தான் முதலில் பார்ப்பாள். "ரத்தம் உன்றதா, ஊரானுதா?" என்பாள். ஊரானது என்றால் இன்னும் பயந்துபோவாள்.

எங்கள் ஊரில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குடகுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தப்பட்டைகள் கோயில் சுவரில் சும்மா தொங்கின. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் பையன்களே அவற்றை இறக்கினார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காதில் தங்கியிருந்ததை வைத்து, சண்டை போட்டுப் போட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். அண்ணன் அதில் சேர்ந்தது பாட்டின் மேல் ஆசைப்பட்டு அல்ல, எதையாவது அடிக்கலாம் என்றுதான். முதல் வாரமே ஒரு தோலைக் கிழித்தான். சாமி நடக்கும்போது அடிக்கும் அடியில் மூன்று தட்டு விழுந்ததும் நான்காவது தட்டின் இடத்தைக் காலியாக விட வேண்டும். பையன்கள் அதைச் 'சும்மா' என்பார்கள். அந்த இடத்தில் பதினொரு பேரும் கையைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். ஒருவன் அவசரப்பட்டாலும் அத்தனையும் கெட்டது. அண்ணனால் அந்த ஒரு நொடி காத்திருக்க முடியவில்லை. "ஏண்டா, அந்தச் சும்மாவுல உங்கப்பன் ஊட்டுச் சொத்தா கெடக்குது? இப்பிடிப் போய் உழுகறே!" என்று கிண்டல் செய்வார்கள். அதற்கும் இரண்டு பேருக்கு உதடு கிழிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் காத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் சட்டையில் ரத்தம் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. அப்பா மறுபடி கம்பை எடுத்த ஒரு நாள், அண்ணன் கையை ஓங்கிவிட்டான். ஓங்கிய கை அப்படியே நின்றது, மெதுவாக இறங்கியது. அப்பா கம்பைக் கீழே போட்டார். "கையத் தூக்குனா அந்தச் சும்மா நெனப்பு வந்துருதுடா. நொம்பத் தொல்லையாப் போச்சு" என்று பிறகு என்னிடம் சிரித்தான். இளைஞர்களை இசை நல்வழிப்படுத்தும் என்று ஏற்காட்டுப் பள்ளியில் எங்களைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நல்வழி எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓங்கிய கைக்கும் விழும் அடிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் அண்ணனுக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வைகாசித் திருவிழாவில் சாமி ஊர் ஊராகப் போகும். எல்லைக்கல்லில் ஒரு ஊரின் அடியை அடுத்த ஊர்ப் பையன்கள் அடித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் அடி நிற்கக் கூடாது. நின்றால் இரண்டு ஊருக்கும் ஆகாது. இரண்டு ஊருக்கும் நடுவில் பல்லக்கை இறக்கி வைக்கவும் கூடாது. எத்தனை மணிக்கு என்று யாரும் பேசிக்கொண்டதில்லை. எங்கள் அடி மேட்டில் கேட்டதும் அவர்கள் கிளம்பி வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். மூன்று வருடம் அண்ணன் கொடுத்தான், அத்தை மகன் வாங்கினான். "மச்சான், கை கடுக்குதா? குடுத்துட்டு ஓடு" என்று அவன் கத்துவான். அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னும் நான்கு சுற்று அடித்துவிட்டுத்தான் விடுவான்.

நான்காம் வருடம் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்த முதல் ஆள். எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்குப் பலமாக இருந்தது. பக்கத்து ஊருக்குக் கடிதம் எழுதினேன். பத்து மணி என்று எழுதினால் அங்கே கடிகாரம் யாரிடம் இருக்கிறது என்று யோசித்து, 'எஸ்டேட்டில் இரண்டாம் சங்கு ஊதும்போது எல்லைக்கல்லுக்கு வரவும்' என்று எழுதினேன். இரண்டாம் சங்கு சரியாகப் பத்துக்கு ஊதும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். "எந்தம்பி எழுதுனா எழுதுனதுதான். எவனும் மாத்திப் பேசப்படாது" என்றான் அண்ணன். அந்த வருடம் புதிதாக வந்த மேனேஜர், அதுவரை இல்லாத வழக்கமாக, திருவிழாவுக்கு எஸ்டேட் முழுவதற்கும் லீவு விட்டிருந்தார். லீவு நாளில் சங்கு ஊதாது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டோம். யாரும் இல்லை. பையன்கள் அடித்துக்கொண்டே என்னைச் சீண்டினார்கள். "ஏனுங்க கடியாரக்காரரே, மணி என்னாச்சுங்க?" "சாவி குடுத்தீங்களா சாமி, இல்ல நேத்து மணியா?" எனக்குக் காது சூடேறியது. பத்தரை ஆனது. பல்லக்குக்காரர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள், தோள் நடுங்கியது. "என்ன தம்பி பண்றது?" என்று அண்ணன் கேட்டான். "அவங்க வேணும்னேதான் வரலீங்ணா. எழுதிக் குடுத்தும் வரலீன்னா நாம எதுக்கு நிக்கோணும்? உள்ள போலாம்" என்றேன்.

அண்ணன் கல்லைத் தாண்டினான்.

அந்த ஊரில் எல்லோரும் குளித்துத் துணி மாற்றிச் சங்குக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்களாம். எங்கள் அடி கேட்டு எழுந்தவர்களை, "காயிதத்துல சங்குன்னுதான் இருக்குது, இருங்கடா" என்று உட்கார வைத்தார்களாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அடி தங்கள் எல்லைக்குள்ளேயே கேட்கவும் கல்லும் கழியுமாக இறங்கி வந்தார்கள். "வாங்கறதுக்கு இங்க ஆம்பள இல்லீன்னு நெனச்சீங்களாடா?"

முதல் கல் பல்லக்கில் பட்டது. அடுத்தது ஒரு பையனின் வாயில். எங்கள் பையன்கள் தப்பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்தார்கள். அண்ணன் மட்டும் பாயவில்லை. பல்லக்குக்கு முன்னால் நின்று அடித்துக்கொண்டே இருந்தான். மூன்று தட்டு, ஒரு சும்மா. முதுகில் மூங்கில் விழுந்தது. நெற்றி பிளந்து ரத்தம் தப்பட்டைத் தோலில் சொட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அவன் முகத்திலேயே தெறித்தது. அந்த நிலையிலும் சும்மா வந்த இடத்தில் கையைத் தூக்கிக் காத்திருந்தான். அத்தனை வருடம் திருப்பி அடித்தவன் அன்று திருப்பி அடிக்கவில்லை. நான் ஒரு சவுக்கு மரத்தின் பின்னால் இருந்தேன். ஒருவன் மண்வெட்டியின் பின்புறத்தால் அவன் வலது கையைத் தப்பட்டைச் சட்டத்தோடு சேர்த்து அடித்தான். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அடி நின்றது.

அந்த நேரத்தில் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்ணனை நோக்கி ஓடி வந்தான். அண்ணன் இடது கையிலிருந்த நீளக் குச்சியை அவன் முகத்தில் செருகினான். விழுந்தது அத்தை மகன். அவன் கையில் கல் இல்லை, கழி இல்லை. கழுத்தில் தப்பட்டை மாட்டியிருந்தது. அடியை வாங்கத்தான் ஓடி வந்திருக்கிறான்.

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. "வாங்கறதுக்குத்தானே ஓடியாந்தான் கண்ணு. நீ படிச்ச பையன், நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றார். ஒரு வார்த்தை சொன்னதே நான்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. போலீஸ் கேட்டபோது, "நானாத்தானுங்க தாண்டுனேன்" என்றான்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, இனிப் பையன்கள் தப்பட்டையைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் தப்பட்டைதான் என்றார்கள். கடிதத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. எங்கள் மலையில் படிப்புக்கு அவ்வளவு மரியாதை. இப்போது திருவிழாவுக்குச் சேலத்திலிருந்து ஆட்கள் வந்து வாசிக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பையன்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார்கள்; மத்தியானத்துக்குள் ஒரு மண்டையாவது உடைந்துவிடுகிறது. சென்ற மாதம் ஊருக்குப் போனபோது அண்ணன் தன் மகனை அடித்துக்கொண்டிருந்தான். ஓங்கிய கை எங்கும் நிற்கவில்லை.

ஆன செலவு இவ்வளவுதான். அத்தை மகனுக்கு இடது கண். அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல். அவர்கள் ஊரில் ஆறு பேருக்கும் எங்கள் ஊரில் அண்ணனோடு சேர்த்து நான்கு பேருக்கும் சிறை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.